குப்புறப் படுத்தவனுக்கு ஒரு வைகிங் படை

நவம்பர் 4, செவ்வாய்

சாலமனின் இடது கண்ணில் கழன்றிருந்த விழித்திரையை ஒட்டிவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டரே வெளியே வந்து சொன்னார். நானும் என் மனைவி ஜோசலினும் கேட்டோம். வலது கண் அவனுக்குச் சிறுவயதிலேயே போய்விட்டது. இருப்பது இது ஒன்றுதான்.

கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதனால் டாக்டர் சொல்லும்வரை குப்புறவே படுத்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்தால் மறுபடி கழன்றுவிடலாம். சேலையூரில் எங்கள் முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. தனியாக இருக்கும் மைத்துனனை வேறு எங்கே அனுப்புவது?

நவம்பர் 6

இன்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஜோசலின் கத்தினாள்.

"பேஜாரா கீதுக்கா. கண்ணுக்கே தெரியாத டைல்ஸ எவ்ளோ நேரம் பாத்துகினு இருக்கறது?"

அவள் சமையலறைக்குப் போனாள். தம்பிக்காக அழுதிருப்பாள். உறுதியாகத் தெரியாது.

நவம்பர் 7

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் அவனுக்கு லேப் வேலை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு மேசைமேல் போர் விளையாடுகிறவன்: விரல் நீளத்தில் பாதி உயரப் பொம்மை வீரர்கள், அளக்க டேப், உருட்டப் பகடை. அவன் பையில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. வைகிங் படை, வடகடலில் படகோட்டி வந்து ஊர்களைச் சூறையாடிய பழங்காலத்துக்காரர்கள். உடல், கை, தலை, கேடயம் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் தனித்தனியே. வெட்டி, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். வர்ணம் பூசாத வீரன் மேசையில் ஏறக்கூடாது என்பது அவர்கள் சட்டம்.

கட்டில் விளிம்பில் அவன் முகம் தொங்கும் இடத்துக்குக் கீழே எவர்சில்வர் தட்டை வைத்து, வெட்டிய துண்டுகளைக் கொட்டினேன். கையைத் தொங்கவிட்டுத் துழாவினான்.

"இது கோடாலிக் கை மாமா. வில்லுக்காரனுக்கு வெச்சிடாத, சிரிப்பானுங்க."

மாலைவரை எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 8

மழை. வர்ணத்துக்கு முன் பூசும் ஸ்ப்ரேயை ஈரக்காற்றில் அடித்தால் மணல் ஒட்டியதுபோல் ஆகிவிடும் என்று தடுத்துவிட்டான். பொம்மைத் தலைகளில் பிசிறைச் சீவிக்கொண்டே கேட்டேன்: தொப்பியில் கொம்பு இருக்குமே, எங்கே?

"கொம்பெல்லாம் சினிமாவுல. கொம்பு வெச்சுகினு எப்டி துடுப்பு போடுவான்? பக்கத்துல கீறவன் கண்ண குத்திருவான்."

சொன்னபிறகு, தட்டில் இன்னொரு தலையைத் துழாவி எடுத்து என்னிடம் நீட்டினான்.

நவம்பர் 9, ஞாயிறு

என்ன பண்ணிட்டேன் நான்.

கேடயங்களை ஒட்ட, உடனே பிடிக்கும் பசை வாங்கி வந்தேன். அந்தத் தட்டிலேயே, அவன் முகத்துக்கு நேர் கீழே வைத்து ஒட்டினேன். ஒட்ட ஒட்டத் தொட்டுப் பார்க்கட்டும் என்றுதான். பசையின் ஆவி மேலேதானே போகும்? இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

"எரியுது மாமா!" — எழுந்துவிட்டான். கண்ணைக் கசக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். தலை எவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்தது? நினைவில்லை. எனக்கே நினைவில்லை.

ஜோசலின் பசை டப்பாவை என் முன்னால் வைத்தாள். "முப்பது வருஷமா ரிப்போர்ட்டர். இதுல என்ன எழுதிருக்குன்னு படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

படித்தேன். எழுதியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஞாயிறு பணியில் இருந்த டாக்டர் சொன்னது: மேல்பரப்பில் எரிச்சல், சொட்டுமருந்து போதும். திரை நகர்ந்ததா என்பதை அறுவை செய்தவர் செவ்வாயன்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 10

பெட்டியை மொட்டைமாடி அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சாப்பிட்டதும் கேட்டான்.

"தட்டு எங்க மாமா?"

"வேணாம்டா."

"பசைய மாடில வெச்சு ஒட்டு. இங்க வந்து பெயிண்ட் அடி. இல்லன்னா நான் எழுந்துருவேன்."

மிரட்டல்தான். கொண்டுவந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

திரை ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. டாக்டர் சொன்னது. ஜோசலின் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள், சொன்னார். குப்புறப் படுப்பது வெள்ளிவரை.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். திரையின் நடுப்பகுதியும் கழன்றிருந்ததாம். முகமும் எழுத்தும் தெரிவது அங்கேதான். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

நவம்பர் 15

மழை விட்டது. கேடயங்களுக்குச் சிவப்பு.

நவம்பர் 23

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். நான் முடித்த படைத்தலைவனை எடுத்துக் கண்ணுக்கு முன் பிடித்தான்.

"பாதி டம்ளர் தண்ணி ஆடுறமாரி கீது மாமா. அந்தக் கோட்டுக்கு மேல... தொப்பி தெரியுது. சாம்பல் கலரு. கண்றாவி, சுண்ணாம்பு அடிக்கறமாரி அடிச்சு வெச்சிருக்க."

ஜோசலின் சிரித்துவிட்டாள்.

"முகம்?" என்று கேட்டேன்.

பொம்மையை ஏற்றி இறக்கிப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். கோட்டுக்குக் கீழே கலங்கல்தான்.

தொப்பி தெரிவது உறுதி, பார்த்தவனே சொன்னது. வாயு கரையக் கரையக் கோடு கீழே இறங்கும். நடுப்பகுதியைத் தாண்டுவது டிசம்பர் இரண்டாம் வாரம் என்பது டாக்டரின் கணிப்பு. பன்னிரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். முகம் தெரியுமா என்பது அன்றைக்குத்தான்.