சின்னவள் சேர்ந்த கல்லூரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசு சரியில்லாததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், நான் ஆரம்பித்ததும் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால் தையல் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், வெட்டிப்போட்ட காலர் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன் தங்கை ஆசைப்பட்ட கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டது உனக்குத் தெரியும். முடிவு வந்தபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள், வைத்தாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கையில் மிஞ்சியது இரண்டு இடம். ஒன்று நம் பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியில் விலங்கியல். பார்க்கப் போனோம், அங்கிருந்த பேராசிரியர் கொட்டாவி விட்டுக்கொண்டே "இங்க யாரும் விரும்பி வர்றதில்ல, போகப்போகப் பழகிடும்" என்றார். இன்னொன்று வெளியூரில், விடுதியில் தங்கிப் படிக்கிற கால்நடைச் செவிலியர் படிப்பு. கட்டடம் சுமார்தான். ஆனால் பின்பக்கக் கொட்டகையில் ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆசிரியை இவளைப் பார்த்து "சும்மா நிக்காத, வந்து காலைப் பிடி" என்றார். இவள் போய்ப் பிடித்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் உடையில் ஒட்டியிருந்த நாய்முடியைத் தட்டிவிடவே இல்லை. எது வேண்டும் என்று அவளைத் தனியாகக் கேட்க வேண்டுமா என்ன?

உன் அப்பாதான் "பெரியவன் படிச்சவன், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார். அவளே உனக்கு எழுதினாள். இரண்டு கல்லூரியைப் பற்றியும் விவரமாக எழுதி, எதில் சேரட்டும் அண்ணா என்று கேட்டாள். நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். எதற்கடா அந்தக் கட்டைவிரல்? அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு "பாத்தியா, பக்கத்துலயே சேரச் சொல்றான்" என்றார். ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் செய்து அடுத்தவர்களை மேலே ஏற்றிவிடுகிற மனிதர், பெற்ற பெண்ணை மட்டும் கீழேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறார். அவள் விடவில்லை, "அண்ணன் பதில் வரட்டும்பா" என்று உனக்கு மறுபடி எழுதினாள். நீ படித்துவிட்டாய் என்று காட்டியது. பதில் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு அவளே வெளியூருக்குப் போனாள். அந்த ஆசிரியை இவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "உனக்காக ஒரு இடத்தை நேத்து வரைக்கும் பிடிச்சு வெச்சிருந்தேனேம்மா" என்றார். அந்த அம்மாள் யாரோ எவரோ, பிடித்து வைத்திருந்தார்.

இப்போது பக்கத்துக் கல்லூரிக்குத்தான் போகிறாள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் "வீட்டை விட்டுப் போக மாட்டேன்னுட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவள் காதில் விழுந்தது. "நான் சொல்லாததை என் பேர்ல சொல்லாதீங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அன்றே அவளுடைய மேசைக்கு மேலே மாட்டியிருந்த உன் பட்டமளிப்புப் போட்டோவைக் கழற்றிக் கூடத்தில் கொண்டுவந்து மாட்டினாள். ஏன்டி என்று கேட்டேன். "அப்பா பாத்துக்கிட்டு இருக்கட்டும். எனக்கு அந்த இடத்துல புத்தகம் வைக்கணும்" என்றாள். அடுத்த வருஷம் கால்நடை மருத்துவத்துக்கு மறுபடி பரீட்சை எழுதப்போகிறாளாம். "ஆனா இந்தத் தடவை யார்கிட்டயும் கேக்க மாட்டேன்மா, உன்கிட்டயும்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

உன்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது, திட்டாமலும் இருக்க முடியவில்லை. அவளுக்குப் போன் செய்து சமாதானம் சொல்லக் கிளம்பாதே, எடுக்க மாட்டாள். எடுக்காவிட்டாலும் அடுத்த வாரமும் கூப்பிடு, அதற்கடுத்த வாரமும் கூப்பிடு. மணி அடித்து நிற்பதை நீயும் கொஞ்சம் கேள்.

வயிற்றுவலி மாத்திரையை நிறுத்திவிடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு, நான் வேண்டிக்கொள்வது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா