சுருளாக வந்தால் சரி

மார்ச் 3
இன்றும் இவர் என் கையைத் தட்டிவிட்டார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒரு நடைவழிதான். போன மாதம் அதில்தான் விழுந்தார். அன்றிலிருந்து நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன். "நான் என்ன நடை பழகுற குழந்தையா?" என்கிறார். என்னைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். உதடு வெடித்துக் கிடக்கிறது. மனுஷனுக்கு இவ்வளவு ரோஷம் ஆகுமா?

மார்ச் 5
பேத்தி வந்தாள். இரும்புப் பட்டறையில் வேலை கற்கிறாள், என் மகள் பெற்ற ராசாத்தி. தாத்தாவின் உதட்டைப் பார்த்தாள். நடைவழியைப் பார்த்தாள். "சுவரோட ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுடலாம் பாட்டி. நானே போடுறேன்."
இவர் உள்ளேயிருந்து, "எதுக்கு, துணி காயப்போடவா?"
"ஆமா தாத்தா, உங்களைத்தான் காயப்போடப் போறேன்."

மார்ச் 8
எவர்சில்வர் குழாயும் தகடுகளும் கொண்டுவந்திருக்கிறாள். தகட்டைச் சுவரில் முடுக்க அதில் துளை வேண்டும். துளைக்க டிரில் பிட் வேண்டும். நான் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். ஐந்தாவது வரை படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?
கடைக்காரர் மங்கலாக ஒன்றை எடுத்து வைத்தார். "கோபால்ட் கலந்ததும்மா. எவர்சில்வருக்கு இதுதான் தாங்கும்." பக்கத்திலேயே இன்னொன்று தங்கமாக மின்னியது. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா? என் பேத்தியின் முதல் வேலைக்கு இப்படி அழுதுவடிகிற பிட்டா? தங்கத்தையே வாங்கினேன்.

மார்ச் 9
வீடே அலறியது. புகை. வெறும் தூள்தான் வந்தது, துளை விழவில்லை. பிட்டின் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிட்டது.
"தங்கம் மேல்பூச்சுதான் பாட்டி. நானும் அவசரப்பட்டு வேகமா ஓட்டிட்டேன். பிட் வெட்டாம சூடாகித் தேய்ச்சா எவர்சில்வர் இன்னும் இறுகிடும்."
"முடிஞ்சுதா கச்சேரி?" என்றார் இவர். பேத்தி கண்ணைத் துடைக்கப் போய் மூக்கெல்லாம் கரி.
என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கடைக்கார மனுஷன் அப்பவே சொன்னாரே — கேட்டியாடி நீ?

மார்ச் 10
மங்கல் பிட்டை வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மார்ச் 11
இறுகிய இடத்தை விட்டுவிட்டு, வேறு இடத்தில் உளி போன்ற ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டிப் புள்ளி வைத்தாள், பிட் வழுக்காமல் இருக்க. "நீ எண்ணெய் விடு பாட்டி. சொட்டுச் சொட்டா. தாளிக்கிற மாதிரி ஊத்தாதே." மெதுவாகச் சுழலவிட்டு, அழுத்தம் குறையாமல் பிடித்தாள். தகட்டிலிருந்து வெள்ளிச் சுருள் ஒன்று நீளமாகக் கிளம்பி வந்தது.
"தூளா வந்தா தப்பு. சுருளா வந்தா சரி."
"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் இவர். சுருளைத் துணியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இவளா பண்ணுனா?"
"உங்க பேத்திதான்."
துணியோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 12
கம்பி ஏறிவிட்டது. பேத்தி தொங்கிப் பார்த்தாள். அவள் போனபின் நானும்.

மார்ச் 14
காலையில் வழக்கம்போல் கை நீட்டினேன். இவர் அதற்குள் கம்பியைப் பிடித்துவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, தலையைக் கோதிக்கொண்டேன்.
போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார்.