பட்டியலில் இல்லாத முன்னாள் மாணவனுக்கு

மாப்ளே,

நான் இப்போது எழுதப் போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று, ஈரேழு பதினான்கு உலகங்களையும் அவற்றில் மேயும் ஆடுமாடுகளையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்து தருகிறேன். அதையும் மீறி நீ நம்பினால் அது என் குற்றமல்ல.

வாசலில் மிளகு காய்கிறது. அதற்கு மேலே கொடியில் ஒரு கறுப்பு அங்கி தொங்குகிறது. அக்கா மகள் செல்வி நேற்று நம் கல்லூரியில் பட்டம் வாங்கும்போது போட்டிருந்த வாடகை அங்கி. இன்று மதியத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளோ காலையில் அதை மாட்டிக்கொண்டே கோழி விரட்டினாள். அங்கியின் அந்துருண்டை வாசமும் கீழே காயும் மிளகின் காரமும் வெயிலில் ஒன்றாகக் கிளம்பி மூக்கில் ஏறியபோதுதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. முள்ளுக்குறிச்சியில் உன் கடைக்குள் நுழைந்தால் இதே வாசம்தான். இடது பக்கம் மிளகு மூட்டை, வலது பக்க அலமாரியில் அந்துருண்டை, நடுவில் நீ.

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் காசிக்குப் போய்ப் பாதி வழி திரும்பியிருக்கலாம்.

"மாமா, ஒரு எடத்துல உக்காருங்க. உங்களைப் பாத்துக் கோழியே மெரளுது" என்கிறாள் செல்வி.

உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? அதனால்தான் நின்றபடியே இந்த மடலை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். இந்த வருடம் பட்டம் வாங்கும் பிள்ளைகளைக் கொண்டாடுவதோடு ஊர்ப் பெரியவர்களையும் முன்னாள் மாணவர்களையும் கௌரவிக்கப் போவதாகக் கல்லூரியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. மரவள்ளி விவசாயிகள் சங்கச் செயலாளர், எங்கள் ஊரின் முதல் பட்டதாரி, இன்னும் என்னென்னவோ போட்டு என் பெயர் அச்சாகியிருந்தது. படித்துவிட்டு நானே கொஞ்ச நேரம் எழுந்து நின்றேன். பிறகு உன் பெயரைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம், அச்சகத்தின் விலாசம் வரைக்கும் தேடினேன். இல்லை.

மறுநாளே மலை இறங்கிக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் நல்ல மாதிரி. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்.

"அவரு டிகிரி முடிக்கலீங்களே சார். கடைசிப் பேப்பர் ஒண்ணு அப்படியே நிக்குது."

"ஒண்ணுதானுங்களே அம்மிணி. மத்ததெல்லாம் பாஸுங்க."

"முடிச்சவங்க பேரு மட்டுந்தானுங்க லிஸ்ட்டுல வரும்."

"மூணு வருசம் உங்க பெஞ்சைத் தேச்சவருங்க. தேஞ்ச பெஞ்சுக்காகவாவது ஒரு மருவாதை பண்ணலாமில்லீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "எதுக்குங்க சார் அந்த ஒரு பேப்பரை மட்டும் எழுதாம விட்டாரு?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். கரடி வந்து வாய்க்குள் உட்கார்ந்துகொண்டது. "அது பெரிய கதைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கரடியை உனக்குத் தெரியும். நான் பெற்றது, நீ வளர்த்தது. கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் நீ மிளகு வாங்க மலைக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினாய். விடிந்ததும் உன் அத்தாவின் மொபெட்டில் இருவரும் கீழே கிளம்பினோம். பாதி மலையில் சங்கிலி அறுந்து வண்டி நின்றது. இதுவரை ஊரறிந்த உண்மை. இதற்குப் பிறகு என் கதையில் ஒரு கரடி புல்லட்டில் வரும். முதல் தடவை சொன்னபோது அதன் உயரம் ஆறடி. என் தலை நரைப்பதற்குள் அது ஒன்பதடியாக வளர்ந்துவிட்டது. நம்மில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்று அது கறாராகச் சொல்லும். "எங்க மாப்பிள்ளையை ஏத்திக்க" என்று நான் அரை மணி நேரம் வாதாடுவேன். கரடி கேட்காது. என்னை அலாக்காகத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பும். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் எழுந்து நின்று எங்களுக்கு வழிவிடும்.

உனக்குக் கல்யாணம் ஆன புதிதில் உன் வீட்டம்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நெசமாவே கரடிங்களா?" என்று உன்னைப் பார்த்தார். நீ மிளகு புடைத்துக்கொண்டிருந்தாய். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"ஆமா. ஹெல்மெட் கூடப் போட்டிருந்துச்சு."

அந்த ஒரு சொல்லில் என்னைக் கரையேற்றினாய். அந்தக் கடைசிப் பரீட்சையை அன்றைக்கு நான் எழுதிப் பட்டதாரியானேன். நீ நின்ற இடத்திலேயே நின்றாய். அடுத்த மாதமே அத்தா படுத்த படுக்கையானார், கடை உன் தலையில் விழுந்தது. "அந்தப் பேப்பரை எழுதீறலாமில்ல?" என்று எப்போதாவது கேட்பேன். "எழுதீறலாம் மகாராசா. காலேஜு எங்க ஓடீறப் போகுது?" என்பாய். கல்லூரி ஓடவில்லை. வருடங்கள்தான் கரடியைவிட வேகமாக ஓடின.

ஆனால் மலையிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு உன் கடைதான் கல்லூரியின் முதல் வாசல். விண்ணப்பப் படிவமும் சான்றிதழும் மழையில் நனையாமல் உன் அலமாரியில் பாலிதீன் உறைக்குள் இருக்கும். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குப் பெண்பிள்ளைகள் நிற்பார்கள். மூட்டையை நகர்த்தி அவர்களுக்கு இடம் பண்ணுவாய். தூரத்தில் ஒருத்தி புத்தகப் பையோடு ஓடி வந்தால், புறப்பட்ட பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொள்வாய். டிரைவர் ஹாரன் அடிப்பார். நீ அசைய மாட்டாய். "ஓடாத கண்ணு. விழுந்து கிழுந்து வைக்காத. நான் நிக்கறேனில்ல" என்பாய். உன் தொந்தியைக் கண்டு பயந்து அரசாங்கம் பஸ் நேரத்தையே மாற்றிவிட்டது என்று நான் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன்.

போன ஐப்பசி மழையோடு நீ போய்விட்டாய். விழாவுக்கு வரச் சொல்லி உன் வீட்டம்மாவுக்கு போன் செய்தேன்.

"அவரு பேரு இருக்குதுங்களாண்ணா?"

"இல்லீங்க தங்கச்சி."

"செரிங்க. நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கடை கெடக்குது."

அதோடு வைத்துவிட்டார். அப்போது பிடித்தது இந்த நடை. உன் பெயர் அந்த மேடையில் சொல்லப்பட வேண்டும். சொல்ல வேண்டியவன் நான். சொன்னால், நீ ஏன் படிப்பை முடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். எங்கள் தேவனூர் நாட்டின் அத்தனை மலையூர்களும் என்னை முதல் பட்டதாரி என்று கும்பிடுகிற இடத்தில், கரடியின் உதவி இல்லாமல் சொல்ல வேண்டும்.

நேற்றுக் காலையில் செல்வி வேறு காதைக் கடித்தாள்.

"மாமா, மேடையில கரடிக் கதைய எடுத்துறாதீங்க. என் கூட்டாளிங்க எல்லாம் இருக்கறாங்க. மானம் போயிரும்."

"செரி சாமி. இன்னைக்குக் கரடிக்கு லீவு."

இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பேசினார், பேசினார், நான் வரும்போது நட்டுவிட்டு வந்த மரவள்ளி கிழங்கு விடும்வரை பேசினார். நான் நாற்காலி நுனியில் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "பாத்ரூமுக்குப் போவோணுங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

பிறகு பட்டம் வழங்க ஆரம்பித்தார்கள். எங்கள் மலையின் குண்டனி நாட்டுப் பெண் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டு, தொகுப்பாளர் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாங்கிக்கறோமுங்க."

ஒரு பெண்மணி எழுந்து, வாயில் அடக்கிய வெற்றிலையோடு விறுவிறுவென்று மேடைக்கு நடந்தார். மலைக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள்தான் விழித்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் படையல் பங்கு பிரிக்கும்போது வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஆள் வர முடியாமல் போனால் பக்கத்து வீட்டார் "வாங்கிக்கறோமுங்க" என்று பதில் கொடுத்துப் பங்கை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். அந்த அம்மாள் பட்டமளிப்பு விழாவையும் பங்கு பிரிப்பதாகவே எடுத்துக்கொண்டார்.

"நீங்க அவங்க அம்மாங்களா?" என்றார் தொகுப்பாளர்.

"இல்லீங்க. பக்கத்தூடு."

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் குடுக்க முடியாதுங்கம்மா."

"புள்ள திருப்பூருக் கம்பெனில இருக்கறா, லீவு குடுக்கலீங்க. அவங்கம்மாளுக்குக் காய்ச்சலு. நீங்க பேரைக் கூப்புட்டுட்டீங்களே சாமி. கூப்புட்ட பேரு கீழ உழுகலாமுங்களா?"

முதல்வர் சட்டப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதில் பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை போலிருக்கிறது. எழுந்து வந்து பட்டத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். பந்தல் பறந்துபோகும் அளவுக்குக் கைதட்டல்.

கூப்பிட்ட பெயர் கீழே விழாது, சரி. கூப்பிடவே கூப்பிடாத பெயரை யார் போய் வாங்குவது?

என் முறை வந்தது. சால்வை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், மைக்கை நீட்டி, "மூணு நிமிசமுங்க சார்" என்றார்கள்.

"நான் முப்பது வருசமா ஒரு கரடிக் கதை சொல்லிட்டு வாரனுங்க" என்று ஆரம்பித்தேன். மலைக் கூட்டம் முன்கூட்டியே சிரித்தது. கறுப்பு அங்கிகளின் நடுவில் செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் கதையில கரடியே கெடையாதுங்க."

சிரிப்பு மெல்ல அடங்கியது. சங்கிலி அறுந்ததைச் சொன்னேன். அந்த வழியாக ஒரு மனிதர் மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்ததையும், ஒருவருக்குத்தான் இடம் இருந்ததையும் சொன்னேன். நீ என்னை ஏற்றிவிட்டு மலைப்பாதையில் தனியாக நின்றாய் என்றும், அந்த ஒரு பேப்பர் இன்றுவரைக்கும் நிற்கிறது என்றும், இந்தச் சால்வைக்குள் இருப்பவன் அதனால் வந்தவன் என்றும் சொன்னேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நின்றவன் நீதான் என்றும் சொன்னேன்.

"அவரு பேரு லிஸ்ட்டுல இல்லீங்க. அதனால நானே கூப்புடறனுங்க."

பங்கு கொடுக்கும்போது கூப்பிடுவது போலவே, உன் அத்தா பெயரும் ஊரும் சேர்த்து, உன் பெயரைக் கூப்பிட்டேன்.

ஒருவரும் எழவில்லை. மாப்ளே, எங்கள் மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. மைக்கில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாம் தரம் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அப்போது கறுப்பு அங்கிக்காரிகளில், யார் மகள் என்றுகூட எனக்குத் தெரியாத ஒரு பெண் எழுந்தாள்.

"வாங்கிக்கறோமுங்க."

அடுத்து செல்வி எழுந்தாள். பிறகு அங்குமிங்குமாக மற்றவர்கள். உன் மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். கேடயத் தட்டை ஏந்தி நின்ற அலுவலக அம்மாள் தட்டைப் பார்த்தார். ஆளுக்கு ஒன்றாக அளந்து வைத்ததில் உனக்கென்று மிச்சம் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் நேராக நின்றார். கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வாங்க அத்தனை பேர் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் உன் கடையில் இறங்கி நடந்ததைச் சொன்னேன். உன் வீட்டம்மா தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்தக் கரடி?"

"இல்லீங்க தங்கச்சி."

"தெரியுமுங்கண்ணா. ஹெல்மெட்டுன்னு அவரு சொன்னப்பவே தெரியும்."

பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, நேராக இருந்த டப்பாக்களையே மறுபடி நேராக்கினார்.

இத்தனைக்கும் பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பாரம் இறங்கியவன்போல நேற்று ராத்திரி இரண்டு தட்டுக் களியும் சாப்பிட்டேன். விடிந்ததும் மறுபடி கால் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

எழுந்து நின்ற பெண்கள் நூறு பேர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். சிறப்பு விருந்தினர் தேம்பித் தேம்பி அழுதார் என்றும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஜலதோஷம். என் கதைகளில் பெரும்பகுதி என்றைக்கும் இப்படித்தான். ஒரே ஒரு சின்ன இடத்தை மட்டும் நான் பெரிதாக்கவில்லை, மேடையில்கூட மறைத்துத்தான் சொன்னேன். நீ என்னை ஏற்றிவிட்டாய் என்றேன். நீ ஏற்றவில்லை. அந்த மனிதர் வண்டியை நிறுத்தி "ஒருத்தரு வரலாமுங்க" என்றபோது நீ குனிந்து அறுந்த சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ நிமிர்ந்தபோது நான் மூட்டைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நான் எப்போதோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கையிலிருந்த கிரீஸைப் பரீட்சைக்குப் போட்டு வந்த புதுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "போயிட்டு வா மகாராசா, எனக்குக் கடை இருக்குது" என்றாய்.

அது மட்டும் நிஜம்.