ஐஸ் வராத நாள்

ஏப்ரல் 17, வியாழன்

மீன்பிடித் தடை தொடங்கி மூன்றாம் நாள். விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றில் வரிசையாக நிற்கின்றன. ஜூன் பதினான்கு வரை ஒன்றும் கடலுக்குப் போகாது. ஆண்டுதோறும் எழுதும் செய்திதான். இன்றும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

திரும்பும் வழியில் எங்கள் காரைக்கால் கல்லூரி மைதானத்தில் சத்தம். விடுமுறை நாளில் கால்பந்துப் பயிற்சி. பயிற்சியாளர் சோமசேகரன் வேலி ஓரமாக வந்தார். “பதினோரு பேர்ல ஆறு பேர் கருக்களாச்சேரி மீனவப் பசங்க மேடம். மத்த நாள்ல லீவு விட்டாப் படகுக்குப் போயிடுவானுங்க. தடை வந்தாத்தான் எனக்கு டீமே.”

நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்கால். இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் ஆடும் கோடைக் கோப்பை. இறுதி ஆட்டம் ஜூன் எட்டு. தடைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தடைச் செய்தியைவிட இது நல்ல செய்தியாகத் தெரிகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வாஞ்சூர் எல்லை தாண்டிப் போய் நாகை அணியை 3–0 என வென்றார்கள் நம் பையன்கள். டெஸ்க்கில் பிரதீபா, “காரைக்காலுக்கு இன்னிக்கு இடமே இல்ல மேடம். ரெண்டு வரி தரட்டுமா?” என்றாள். மூன்று வாங்கினேன்.

மே 4, ஞாயிறு

மறுபடியும் வெற்றி. ஐந்து வரி.

மே 11, ஞாயிறு

இந்த அகரனைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். கோல்கீப்பர், கருக்களாச்சேரிப் பையன், இரண்டாம் ஆண்டு வணிகவியல். பந்தைப் பிடித்தால் உதைப்பதில்லை. இடுப்பைத் திருப்பி, வலை வீசுகிற மாதிரி ஒரு வீச்சு. நடுக்கோட்டைத் தாண்டி விழுகிறது. தடுப்பாட்டக்காரர்களை விரட்டுவதும் படகு பாஷையில்தான்: “இழு... இழு... விடுறா, விடு!” மயிலாடுதுறைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படி ஒரு வீச்சு நேராகக் கேப்டன் சிவபாலன் காலடியில் போய் விழுந்து கோலானது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கோட்டுச்சேரி விவசாய வீட்டுப் பையன் சிவபாலன். அவனும் இப்போது “இழு, இழு” என்கிறான்.

மே 20, செவ்வாய்

மழை. கோடையில் இப்படி ஒரு மழை! மைதானங்களில் முழங்கால் தண்ணீர். ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள்.

சோமசேகரனுக்குப் போன் செய்தேன். “பைனல் ஜூன் பதினஞ்சு மேடம்” என்றார். தடை பதினாலோடு முடிகிறது. பதினைந்து காலையில்தானே படகுகள் கிளம்பும்.

ஜூன் 3, செவ்வாய்

முந்தாநாள் அரையிறுதி வெற்றி. ஊரே கொண்டாடுகிறது. அகரன் மட்டும் சுரத்தில்லாமல் இருக்கிறான்.

இன்று துறைமுகம் போனேன். அவனுடைய தாய்மாமன் முத்தையன் படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அகரன் விடுமுறையில் போவது அந்தப் படகில்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“பந்தாட்டமா?” தூரிகையை நிறுத்தவில்லை. “தடை முடிஞ்சு மொத தடவ கடலுக்குப் போறப்ப யாரு ஏறுறானோ அவன்தான் அந்த வருசத்துக்குப் படகுல ஆளு. அன்னிக்கு வராதவனுக்கு அப்பறம் இடமில்ல. மருமவன்னா மட்டும் தனிச் சட்டமா?”

“உங்க படகு மட்டும் சாயங்காலம் கிளம்பினா?”

“அம்மா, எல்லாப் படகும் ஒண்ணாத்தான் போவும். பஞ்சாயத்து நேரம் குறிக்கும். ஒருத்தன் பின்தங்குனா ஊரு என்னா சொல்லும்?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 10, செவ்வாய்

அகரனிடம் கேட்டேன். “எதை விடப்போறே?”

“ரெண்டும் வேணும் மேடம்.”

“ரெண்டும் கிடைக்காதுப்பா.”

“தெரியும் மேடம். ஆனா ரெண்டும் வேணும்.”

ஜூன் 14, சனி

கருக்களாச்சேரிப் பஞ்சாயத்து நேரம் குறித்துவிட்டது. நாளை காலை ஆறு. மற்ற ஐந்து பையன்களின் வீடுகளில் அண்ணனோ சித்தப்பாவோ போகிறார்கள். தப்பித்தார்கள். முத்தையன் படகில் அகரனுக்கு மாற்றாள் கிடையாது. போகிறேன் என்று சோமசேகரனிடம் சொல்லிவிட்டான்.

தடுப்பாட்டக்காரன் கதிரவனைக் கோலில் நிறுத்திப் பார்த்தார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். “பந்த புடிக்க வேணாம்டா, பாக்கவாவது செய்!” சோமசேகரன் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் இருந்தேன். பூசை ஆனது. தேங்காய் உடைத்தார்கள். எல்லாப் படகிலும் மாலை. ஆனால் ஒரு எஞ்சினும் ஓடவில்லை.

“என்ன ஆச்சு?”

“ஐஸ் வரலிங்க” என்றார் முத்தையன்.

அவர் படகின் மீன் அறையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். சாக்குப் போட்டு மூடி, பாளம் பாளமாக ஐஸ்.

“இது?”

“அது பழசு.”

“ரெண்டு மாசமாக் கரையில நிக்கிற படகுல பழைய ஐஸா?”

பக்கத்துப் படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முத்தையன் சிரிக்கவில்லை. “பஞ்சாயத்துல சொல்லியாச்சு. ஐஸ் வரல. சாயங்காலந்தான் எல்லாப் படகும். எழுதிக்குங்க.”

“பைனலுக்காகவா?”

“நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா, பந்துக்குக் காத்துக்கிட்டு நிக்க?”

மூன்று மணிக்கு மைதானம் போனேன். சின்னப் பிள்ளைகள் அல்லாத அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கோலில் அகரன். மூன்று வாரமாய் நான் பார்க்காத பல் தெரிகிற சிரிப்பு.

திருவாரூர் அணி லேசுப்பட்டதல்ல. முதல் பாதியிலேயே ஒன்று போட்டார்கள். சிவபாலன் கடைசி நேரத்தில் சமன் செய்தான். 1–1. கூடுதல் நேரத்திலும் மாறவில்லை. அதற்குள் துறைமுகத்திலிருந்து போன் மேல் போன். முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றுகிறதாம், இன்னும் வற்றினால் படகு தரைதட்டும். முத்தையன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மைதானத்து எல்லைக் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றார். “இழு... இழு... விடாதடா!”

“கடல்ல கத்துற மாதிரி கத்தாதடா, புள்ள பயந்துக்கும்” என்றார் அவருடைய அக்கா காசியம்மா. அகரனின் அம்மா. சொல்லிவிட்டு அவரைவிடப் பலமாகக் கத்தினார்.

பெனால்டி. நம்மவர்கள் ஐந்தும் போட்டார்கள். அவர்கள் நான்கு. ஐந்தாவது உதை, அகரனுக்கு இடப்பக்கம் தாழ்வாக வந்தது. அவன் பாயவில்லை, விழுந்து அணைத்துக்கொண்டான். நழுவப் பார்க்கும் பெரிய மீனை அணைக்கிற மாதிரி.

அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் குதித்தேன் என்று சோமசேகரன் சொல்கிறார். முழங்கால் வலிப்பதால் நம்புகிறேன்.

கோப்பையை வாங்கிய சிவபாலன் அதை அகரனிடம் கொடுத்தான். அதே நிமிடம் முத்தையன், “ஏறுடா, தண்ணி போயிட்டிருக்கு!” என்று பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறிவிட்டான். கையுறைகூடக் கழற்றவில்லை. நான் ஆட்டோவில் பின்னால் போவதற்குள் படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டன. கடைசியாகப் போனது நீலப் படகு.

செய்தி அனுப்பினேன். “படகுகள் ஏன் தாமதம் மேடம்?” என்று பிரதீபா கேட்டாள். ‘ஐஸ் வரத் தாமதமானதாக மீனவர்கள் தெரிவித்தனர்’ என்று போடச் சொன்னேன். தெரிவித்தது உண்மைதானே. கால்பந்துக்கு அரைப் பக்கம், நாலு பத்தி அகலத்தில் படம். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 16, திங்கள்

காலையில் கல்லூரி முதல்வர் போன் செய்தார். பாராட்டு விழாவாம், சுழற்கோப்பையைக் காணவில்லையாம். அணியில் யாரிடமும் இல்லை. உங்களுக்குத் தெரியுமா?

நேற்று நான் எடுத்த படங்களைப் பார்த்தேன். பைக்கில் போகிறவன் முதுகு. கக்கத்தில் ஏதோ மின்னுகிறது.

“கடலில் இருக்கிறது சார்” என்றேன்.

போனில் அவர் சிரிக்கிற சத்தம்.

ஜூன் 19, வியாழன்

நீலப் படகு வந்துவிட்டது. நல்ல பாடு, படகு நிறைய மீன். அகரன் முகம் கறுத்து, உதடு வெடித்து, சந்தோஷமாக இறங்கினான். இந்த வருடத்துக்கு அவன் அந்தப் படகின் ஆள். கையுறைகள் எஞ்சின் அறைக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தன.

முத்தையன் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திவந்து என்னிடம் நீட்டினார். வாய்வரை நொறுக்கிய ஐஸ், மேலே இறால்.

“ஐஸ் ஐஸ்னு கேட்டீங்களே. இந்தாங்க.”

“இது எப்போ வந்த ஐஸ்?”

அகரன் சிரித்தான். அவன் மாமனும் இம்முறை சிரித்துவிட்டார். நான் ஆட்டோவில் ஏறும்போது அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த வருசம் பைனல் எப்பன்னு முன்னாடியே சொல்லிப்புடுங்கம்மா. ஐஸ்காரன்கிட்ட சொல்லிவைக்கணும்.”