விரால் வீடியோவில் என் குரல்

ஜெபாவின் அப்பாவுக்கு,

தளவாய்புரம் குளத்தில் எடுத்த விரால் வீடியோவை எடிட் செய்யச் சொல்லி நீங்கள் அனுப்பிய மெமரி கார்டு வந்தது. வழக்கமாக நல்ல துண்டுகளை மட்டும் தருவீர்கள். இந்த முறை அவசரத்தில் எடுத்தது மொத்தத்தையும் அனுப்பிவிட்டீர்கள்.

கேமராவை அணைக்க மறந்திருக்கிறீர்கள். தாய் விராலின் செவுளில் தூண்டில் நரம்பைக் கோத்துக் கல்லோடு கட்டுகிறது உங்கள் கை. சிவப்புக் குஞ்சுகள் அதைச் சுற்றி மொய்க்கின்றன. உங்கள் கூட்டாளி கிறிஸ்டோ கேட்கிறார், "செத்துப்போயிராதா மாப்ளே?"

"செத்தா வேற ஒண்ணைப் புடிப்போம்லே." அதற்கு உங்கள் சிரிப்பு வேறு.

போன வீடியோவில் "குஞ்சுகளை விட்டு ஒரு நொடியும் விலகாத தாய்" என்று உருகிப் பேசியவள் நான். ஞாயிறு பள்ளியில் அதைப் போட்டுக்காட்டிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தவளும் நான்தான். நேற்று அதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதிலும் நரம்பு மினுங்குகிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. "அவன் ஒத்தையில கெடக்கான், எப்பத்தா ராஜபாளையம் வாரே?" என்று அத்தை தினமும் போனில் கேட்கிறார்கள். ஜெபாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். எதையும் வெட்டவில்லை. பழைய வீடியோவிலிருந்து என் குரலை மட்டும் எடுத்துவிடுங்கள். கட்டியவர் நீங்கள். அந்தத் தாய் ஏன் விலகவில்லை என்று நீங்களே பேசுங்கள்.

உங்கள் பிள்ளையின் அம்மா