துருவக் கடலில் தூரத்து நாட்டின் நாற்காலி

அன்புத் தோழிக்கு,

நேற்று இங்கே கனடாவில், புரோசார்ட் கடைத்தெருவில் மீன் வாங்கப் போனேன். குளிர்பெட்டியில் கிடந்த பொதியொன்றைக் கை தானாகவே பின்பக்கம் திருப்பிப் பார்த்தது. பிடித்தது வட கடலில். பிடித்த கப்பல் எங்கோ தொலைவிலுள்ள ஒரு நாட்டினுடையது. துண்டு போட்டது இன்னொரு நாட்டில். விலையைப் பார்க்காமல் இதையெல்லாம் வாசித்துக்கொண்டு வழியை மறித்து நிற்பது உம்முடைய பழக்கம். பின்னால் நின்ற பெண் பிரெஞ்சில் சற்று உரக்க "பர்தோன்" என்ற பிறகுதான் விலகினேன். நீர் போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. பழக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நான் உம்மை 'நீர்' என்றுதான் அழைத்தேன். யாழ்ப்பாணத்தில் அது சிநேகிதத்துக்கும் மரியாதைக்கும் நடுவில் நிற்கும் சொல். "என்னடி இது, கூத்துல ராஜா மந்திரியக் கூப்பிடுற மாதிரி!" என்று எதிர்க்கரையில் மண்டபம் ஊர்க்காரியான நீர் சிரிப்பீர்.

பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் சேர்ந்து கற்பித்தது ஒரே பாடம்: துருவக் கடல்களை யார் நிர்வகிப்பது, அங்கே யார் மீன்பிடிக்கலாம். வட துருவத்தின் நடுக்கடல் பனி உருகித் திறந்துகொண்டிருக்கிறது. அந்தக் கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கரையோர நாடுகள் மட்டும் கூடிப் பேசினால் தூரத்து நாடுகளின் பெரிய கப்பல்களை யார் தடுப்பது? ஆகவே அவற்றையும் சேர்த்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அங்கே என்ன மீன், எவ்வளவு மீன் என்று ஆராய்ந்து அறியும்வரை வணிகத்துக்காக யாரும் வலை போடுவதில்லை. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உம்மை நிறுத்தவே முடியாது. "வெளியாள வெளியவே நிறுத்தி வச்சா அவன் எதுக்குக் கட்டுப்படுவான்? உள்ள கூப்பிட்டு உக்கார வையி, அப்பறம் கேள்வி கேளு" என்பீர். எனக்கு அது செரிக்கவேயில்லை. இன்றைக்கு நாற்காலி கேட்கிறவன் நாளைக்குப் பங்கு கேட்பான் என்பேன்.

என் அப்பா நெடுந்தீவில் இன்னமும் சின்னப் படகில் தொழிலுக்குப் போகிறவர். உங்கள் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் அவருடைய வலைகளை அறுத்துக்கொண்டு போவது எங்கள் வீட்டில் வழக்கமான சேதி. அதை நான் உம்மிடம் வாய்திறந்து சொன்னதில்லை. நீரும் கேட்டதில்லை. இருவரும் துருவத்தைப் பற்றியே மணிக்கணக்கில் சண்டை பிடித்தோம்.

வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்துவோம். அதில் ஒவ்வொருவரும் தம் மனம் ஒப்பாத பக்கத்துக்காகத்தான் பேசவேண்டும் என்பது நீர் வைத்த சட்டம். ஓர் ஆண்டு நீர் கரையோர நாடு, நான் தூரத்து நாடு. அன்று காலையில்தான் அப்பா தொலைபேசியில், "முழு வலையும் போயிட்டுது பிள்ளை. இனிக் கடலுக்குப் போய் என்ன?" என்று சொல்லியிருந்தார். திறந்த கடலில் எங்களுக்கும் மீன்பிடிக்க உரிமை உண்டு என்று நான் தொடங்க வேண்டும். எழுந்து நின்றேன். "எனக்கு ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாணவர்கள் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள்.

பிறகு உம்முடைய அறைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இனி உம்மோடு சேர்ந்து இந்தப் பாடத்தை எடுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். நீர் எழுந்து கதவைச் சாத்தினீர்.

"எங்க அண்ணன் விசைப்படகு வச்சிருக்கான். உங்க தீவுப் பக்கம்தான் போறான். எனக்குத் தெரியும்."

அடுத்து நீர் சொன்னது அதைவிட மோசம். "உங்கப்பா நம்பரு குடு."

"என்னத்துக்கு? மன்னிப்புக் கேக்கவோ?"

"நான் மன்னிப்புக் கேட்டா வலை திரும்பி வந்துருமா? அவரு எந்தப் பக்கம் வலை போடுறாருன்னு கேக்கணும். அத அண்ணன்கிட்ட சொல்லணும்."

எண்ணைக் கொடுத்தேன். அப்பா உம்மை மனம் ஆற ஏசினார். "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்த நீர், ஏச்சு ஓய்ந்ததும் வலை எங்கே என்று கேட்டீர். அன்றிலிருந்து அதுவே உம்முடைய வேலையாயிற்று. அப்பா உமக்குச் சொல்வார், நீர் மண்டபத்துக்குச் சொல்வீர். "கனடாவுல உக்காந்துக்கிட்டு எனக்குக் கடலு காட்டாத" என்று அண்ணன் எரிந்து விழுந்தாராம். நீர் விடவில்லை. நச்சரிப்பதில் உம்மை வெல்ல ஆளில்லை. கடைசியில் அவருடைய படகும் கூடப் போகும் சில படகுகளும் அப்பாவின் வலைப் பக்கம் போவதை விட்டன. மற்றப் படகுகள் இன்னமும் வருகின்றன. ஆனாலும் அப்பா புது வலை வாங்கித் திரும்பத் தொழிலுக்குப் போனார். நானும் பாடத்தை விடவில்லை.

இந்த ஆண்டு வகுப்பில் தூரத்து நாட்டுக்காக நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன். இன்னமும் உம்மோடு முழுக்க உடன்பட்டுவிட்டேன் என்று நினையாதேயும். ஆனால் உரிமை பற்றி வாதாடுமுன் எதிரே இருப்பவரின் தொலைபேசி எண்ணைக் கேட்கும் புத்தி உம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்தால் கேலி செய்து என்னை விரட்டியிருப்பீர்.

நீர் போனதும் அந்தப் பேச்சும் நின்றுபோகும், அப்பாவின் வலைகள் பழையபடி அறுபடும் என்று பயந்தேன். உம்முடைய காரியங்கள் முடிந்த சில நாட்களில் மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. "தங்கச்சி போயிருச்சும்மா. இனி யாரு எனக்குச் சொல்லுவா? அப்பா நம்பரக் குடுங்கம்மா" என்றார் உம் அண்ணன். கொடுத்தேன்.

போன கிழமை அப்பாவிடம், அவர் அழைத்தாரா என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, எடுத்தவன். நல்லாய் ஏசவேணும் எண்டுதான் இருந்தனான். ஆனா அவன்ரை குரலும் அவவின்ரை குரல் மாதிரியே கிடக்கு. வலை எங்கை கிடக்கெண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்" என்றார்.