தயிரை நிறுத்திய பிறகு

காட்டாங்குளத்தூர்
3 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்ம்ருதி எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்பா சிட்லபாக்கம் முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டுகிறார். போன வாரம் என் மலச்சிக்கல் எதிர்வீட்டு மாமி வரைக்கும் போய்விட்டது. அதனால்தான் தபால்.

பிரசவம் முடிந்து அங்கிருந்து மைத்ரேயியோடு வந்து ஒரு மாதமாகிறது. உன் பத்தியத்தை நான் மீறவில்லை. அதே அங்காயப்பொடி, நெய், மிளகு ரசம். பால், தயிர், மோர் எதையும் தொடவில்லை. அவள் கட்டிகட்டியாகக் கக்கினபோது, "பாத்தியா, நீ சாப்பிட்ட தயிர்தாண்டி அப்படியே வெளில வரது!" என்று துணியை என்னிடம் நீட்டினாயே, அதை நினைத்தாலே கை போகமாட்டேன் என்கிறது. மசக்கையிலிருந்தே எனக்குப் பால் வாடை ஆகாது, அதனால் இது பெரிய கஷ்டமாகவும் இல்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. அவள் சிரிப்பதில்லை அம்மா. அங்கே அப்பா தும்மினால்கூடச் சிரிப்பாளே? ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. பத்ரியிடம் சொன்னால், "எங்காத்து ஜாடை, எல்லாரும் சிடுமூஞ்சிதான்" என்று காலேஜுக்குக் கிளம்பிவிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு நாள் வந்து பாரேன்.

உன்,
ஸ்ம்ருதி

*

சிட்லபாக்கம்
8 ஜூலை

சௌ. ஸ்ம்ருதிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம்.

குழந்தை சாதுவாக இருக்கிறாள் என்றா பயப்படுவாய்? இடம் மாறினால் எந்தக் குழந்தைக்கும் முகம் வாடும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கிறது. அது முடியட்டும், வருகிறேன்.

ஆசைப்பட்டுத் தயிரில் மட்டும் கை வைத்துவிடாதே. குழந்தைக்கு ஆகாது.

அம்மா

*

தாம்பரம்
18 ஜூலை

அம்மா,

மைத்ரேயியை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதை அப்பாவிடம் போனில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அது உனக்கு மட்டும்.

திங்கட்கிழமை அவள் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் ரேஷ்மா அவள் விரல்களை விரித்து முட்டிகளைப் பார்த்தார். கறுத்திருந்தன. நான் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன். "நீங்க என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். குழந்தையைக் காட்ட வந்தால் என்னை எதற்குக் கேட்கிறார் என்று எரிச்சல் வந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பி12 என்ற சத்து அவள் ரத்தத்திலும் இல்லை, என் ரத்தத்திலும் இல்லை. விரல் கறுத்ததும் அதனால்தானாம். நம்மைப் போன்ற சைவக்காரர்களுக்கு அது பாலிலும் தயிரிலும்தான் கிடைக்குமாம். என்னிடமே இல்லாததால் என் பாலிலும் இல்லை. அவளுக்கோ அந்தப் பாலைத் தவிர வேறு ஆகாரம் இல்லை. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கினேனே என்றேன். "அது வேற, இது வேறம்மா." எந்தக் குழந்தையின் வயிற்றிலும் பால் திரியத்தான் செய்யுமாம். அதற்கும் நான் தின்ற தயிருக்கும் சம்பந்தமே இல்லையாம்.

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டி என் குழந்தையை வாட்டியிருக்கிறேன். எவ்வளவு தேறுவாள் என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

நீ இப்போது வர வேண்டாம்.

ஸ்ம்ருதி

*

சிட்லபாக்கம்
24 ஜூலை

ஸ்ம்ருதிக்கு,

வர வேண்டாம் என்றாய், வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுச் சொல்.

உனக்கு முன்னால் அனந்து பிறந்தான். காய்ச்சலில் போனான் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். காய்ச்சல் எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பதை நிறுத்தினான். அப்புறம் கழுத்து தொய்ந்தது. ஒன்பதாம் மாதம் போய்விட்டான். அப்போது கூட்டுக்குடும்பம். வாங்குகிற பால் காப்பிக்கே பற்றாது, தயிர் ஆண்கள் பந்தியோடு தீர்ந்துவிடும். நான் ரசஞ்சாதத்தோடு எழுந்துவிடுவேன். உன் சாவித்ரி அத்தை என் காதுபடவே, "மன்னிக்குப் பாலா வரது? கழநீர்னா வரது!" என்பாள்.

மைத்ரேயி சிரிக்கவில்லை என்று நீ எழுதினபோதே எனக்கு அவன் முகம்தான் வந்தது. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று சுற்றிப் போடச் சொன்னேன்.

அவன் விரல் முட்டியும் கறுத்திருந்தது. நானும் தேய்த்தேன்.

அந்த டாக்டரிடம் கேள். என் பால்தான் அவனைக் கொண்டுபோனதா?

அம்மா

*

காட்டாங்குளத்தூர்
6 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

டாக்டரிடம் கேட்டேன். அதற்கு முன் அறை வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பி வந்தேன். "அப்படியும் இருந்திருக்கலாம். அன்னிக்கு ரத்தம் எடுத்துப் பாக்கலியே, இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். இல்லவே இல்லை என்று உனக்கு எழுதிவிடலாமா என்று பார்த்தேன். நீ ஆறுதல் கேட்கவில்லையே. அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்த்த அன்றைக்கே, தாய்ப்பாலை நிறுத்திவிடட்டுமா என்று நான் அழுதேன். அவர் அதட்டினார்: "பால் என்னம்மா பண்ணுச்சு? அம்மா தட்டுல யாரும் போடாதத அம்மா எங்கேர்ந்து குழந்தைக்குக் குடுப்பாங்க?" அது எனக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அது உனக்கும் சேர்த்துச் சொன்னது என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் இருவருக்கும் ஊசி தொடர்கிறது. பாலும் கொடுக்கிறேன். நடுக்கம் நின்றுவிட்டது. நேற்று பத்ரி தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டு "அடக் கஷ்டமே" என்று அலறினார். இவள் திரும்பிப் பார்த்து உதட்டை ஒரு பக்கமாக இழுத்தாள். சிரிப்புதான் என்று அவர் சத்தியம் செய்கிறார். கழுத்து இன்னும் நிற்கவில்லை. காத்திருக்கிறோம்.

வர வேண்டாம் என்று எழுதின கை இது. ஞாயிற்றுக்கிழமை பத்ரி கார் எடுத்துக்கொண்டு வருகிறார். அப்பாவையும் சொட்டு மருந்தையும் அழைத்துக்கொண்டு வா. முதல் இலை உனக்குத்தான். நான் பரிமாறுகிறேன், நீ எழுந்திருக்கக் கூடாது.

சாப்பிட்டுவிட்டு என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அனந்து எப்படிச் சிரிப்பான்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

உன்,
ஸ்ம்ருதி